புத்தகம் ஒருவர் கையில் இருந்தால் போதும்

தனியாள் சாகச நூல்களைப் பலர் கூடி ஆடும் ஆட்டமாக மாற்றுவது பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே செய்முறைதான் சொல்லப்படுகிறது. ஆங்கில நூலின் விதிகளை அப்படியே எடுத்துக்கொள்வது, அதில் வரும் பூதங்களுக்கு அரக்கர் பெயரும் குகைகளுக்குக் கோயில் சுரங்கத்தின் பெயரும் சூட்டுவது, பத்திகளை மொழிபெயர்ப்பது, அட்டையில் ஒரு தெருக்கூத்துக் கிரீடத்தை வரைந்து அச்சுக்கு அனுப்புவது. இதற்கு மண்சார்ந்த ஆட்டம் என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். இந்தச் செய்முறை எங்கும் தவறு; சித்தூரிலும் திருப்பதியிலும் இரட்டிப்பாகத் தவறு. அங்கே தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. ஒரு நூலைப் பலருடையதாக மாற்றும் கலையை அந்த ஊர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன என்பதையும் பார்ப்பதில்லை.

இவ்விரு வடிவங்களையும் அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. தனியாள் சாகச நூலில் கதை எண்ணிட்ட பத்திகளாகத் துண்டுபட்டிருக்கும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வாசிப்பவருக்கு ஒரு தேர்வு தரப்படும்: இடப்பக்க வாயிலில் நுழைந்தால் இந்தப் பத்திக்குப் போ, வலப்பக்கம் திரும்பினால் அந்தப் பத்திக்குப் போ. சண்டை வந்தால் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேசை ஆட்டத்தில் நாலைந்து பேர் ஒன்றாக அமர்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவர் நடத்துநராக இருந்து சூழ்நிலையைச் சொல்ல, மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாய்மொழியாகச் சொல்லிக் கதையை நகர்த்துகிறார்கள். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடை தீர்ப்பளிக்கிறது.

இந்த இரண்டில் எது முந்தியது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் 1974இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கென் செயின்ட் ஆண்ட்ரே உருவாக்கிய டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ் வந்தது. அந்த ஆட்டத்துக்காக 1976இல் ரிக் லூமிஸ் எழுதிய பஃபலோ காசில்தான், விதிகளோடும் பகடையோடும் ஒருவர் தனியே ஆடுவதற்கென்று வெளியான முதல் சாகசம். 1979இல் எட்வர்ட் பேக்கர்டின் தி கேவ் ஆஃப் டைம், பகடை இல்லாமல் கிளைக்கதையை மட்டும் கொண்டு சிறுவர் சந்தையைப் பிடித்தது. 1982இல் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி பஃபின் வெளியிட்ட தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன் 400 பத்திகளில் இரண்டையும் இணைத்தது. அவ்விருவரும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் வழியாக மேசை ஆட்டத்தை பிரிட்டனில் விற்றவர்கள். ஆகவே விதிகளும் பகடையும் கொண்ட தனியாள் நூலை மேசை ஆட்டத்தின் மூலவித்தாகக் கருதுவது பிழை. அது துணைக்கு ஆள் கிடைக்காதவருக்காகச் செய்யப்பட்ட சுருக்கம். நடத்துநர் இல்லாத குறையைப் பத்தி எண் நிரப்பியது; தோழர் இல்லாத குறையை எதுவும் நிரப்பவில்லை.

சுருக்கத்திலிருந்து மூலத்துக்குத் திரும்புகையில் சுருக்கத்தின் கணக்குகளையே சுமந்துகொண்டு போனால் என்ன நேரும் என்பதற்கு அந்த நூல்வரிசையே சான்று. அதில் நாயகனுக்கு மூன்று எண்கள்: திறன், உடல்வலு, நற்பேறு. திறன் என்பது ஒரு பகடையில் விழுவதோடு ஆறைக் கூட்டி வருவது. ஆகவே 7 முதல் 12 வரை அமையும். சண்டையில் இரு தரப்பும் இரண்டு பகடைகளை உருட்டித் தத்தம் திறனைக் கூட்டுகின்றன. கூடுதல் வந்தவர் அடிக்கிறார். 1984இல் ஜாக்சன் இதே நூல்வரிசையைப் பலர் ஆடும் அறிமுக ஆட்டமாக வெளியிட்டபோது இந்த மூன்று எண்களும் ஏறக்குறைய அப்படியே வந்து சேர்ந்தன.

தனியாக வாசிப்பவருக்குத் திறன் 7 என்று விழுந்தால் அவர் மறுபடி உருட்டிக்கொள்வார், கேட்பார் இல்லை. மேசையில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவருக்கு 12உம் மற்றவருக்கு 7உம் விழுந்தால் கதை வேறு. அவ்விருவரும் மோதினால் ஒவ்வொரு சுற்றிலும் 12 உடையவர் அடிப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை திறனுக்கு மிகாதிருந்தால் வெற்றி என்னும் சோதனையில் 12 உடையவர் தோற்பதே இல்லை. 7 உடையவர் 36இல் 21 முறை மட்டுமே வெல்கிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவர் நாயகர், மற்றவர் பார்வையாளர். விதியை எழுதியவர் கணக்கில் தவறவில்லை. ஒரே ஒரு நாயகன் இருக்கும் உலகத்துக்காக அந்தக் கணக்கு போடப்பட்டது, அவ்வளவே. 1989இல் மார்க் கேஸ்காய்னும் பீட் டாம்லினும் எழுதிய டஞ்சனீர் தனித்திறன்களைச் சேர்த்தது. 2011இல் ஏரியன் கேம்ஸ் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு, பகடைக்குப் பதிலாகப் புள்ளிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு வந்தது. எண்ணைச் சுமந்து போனதன் விளைவைச் சீர்செய்ய அந்த வரிசைக்கு அவ்வளவு காலம் பிடித்தது. தமிழில் இதைத் தொடங்குவோர் 1984இலிருந்தே தொடங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஜோ டீவரின் லோன் உல்ஃப் நூல்வரிசை 1984இல் தொடங்கியது. அதில் பகடையும் இல்லை. நூலின் இறுதியில் எண்கள் நிறைந்த ஒரு கட்டம் இருக்கும். கண்ணை மூடிப் பென்சிலால் தொட்ட எண்ணே தீர்ப்பு. பஞ்சாங்கத்தின் சீதா சக்கரத்தில் கண்ணை மூடி விரல் வைத்துப் பலன் பார்த்த வீடுகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் சிக்கல் கட்டத்தில் இல்லை, கதையில் இருக்கிறது. அந்த நாயகன் தன் மடத்தில் அனைவரும் கொல்லப்பட்ட பிறகு எஞ்சிய ஒரே வீரன். ஒரே ஒருவன் எஞ்சினான் என்பதே கதையின் உயிர். அதைப் பலர் ஆடும் ஆட்டமாக்கியவர்கள், பல வீரர்கள் வாழும் வேறொரு காலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. தனிமை அந்த வடிவத்தின் மேற்பூச்சு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

தமிழில் இந்த மாற்றம் இலக்கணத்திலேயே முட்டுகிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஆகவே தனியாள் நூலின் வாக்கியத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் மேசையில் படித்துவிட முடிகிறது. தமிழில் அது நடவாது. நூல் ‘நீ நுழைகிறாய்’ என்கிறது. மேசையில் ‘நீங்கள் நுழைகிறீர்கள்’ என்றாக வேண்டும். அதற்கு மறுமொழி சொல்பவர்களோ ‘நாம் நுழையலாமா’ என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். பின் ‘நாங்கள் நுழைகிறோம்’ என்று நடத்துநரிடம் அறிவிக்கிறார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு தெலுங்கிலும் மனம், மேமு என்று இருக்கிறது. சித்தூர்ப் பிள்ளைகளின் இரு மொழிகளிலும் இந்த வேறுபாடு தயாராக நிற்கிறது. மேசை ஆட்டம் நடப்பதே அந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள்தான். தனியாள் நூலில் அதற்கு வேலையே இல்லை.

சித்தூர், திருப்பதி என்று இங்கே வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியதில் மக்கள் இடம்பெயரவில்லை. பள்ளியின் மொழி இடம்பெயர்ந்தது. வீட்டில் தமிழ் பேசி, தெருவில் இரண்டும் பேசி, பள்ளியில் தெலுங்கோ ஆங்கிலமோ மட்டும் எழுதப்படிக்கக் கற்கும் பிள்ளைகள் அந்த ஊர்களில் வளர்கிறார்கள். அவர்கள் தமிழில் கதை கேட்பார்கள், சண்டையிடுவார்கள், பொய் சொல்வார்கள், பாட்டியிடம் கெஞ்சுவார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

அத்தகைய ஒரு பிள்ளையின் கையில் தமிழில் அச்சான தனியாள் சாகச நூலைக் கொடுப்பது பூட்டிய பெட்டியைக் கொடுப்பதாகும். 400 பத்திகளில் முதல் பத்தியையே அது கடக்காது. அதே கதை மேசை ஆட்டமாக இருந்தால் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் படிக்கத் தெரிந்தால் போதும். அவர் பாட்டனாராக இருக்கலாம், தமிழ் கற்பிக்கும் ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். மற்ற நால்வருக்கும் காதும் வாயும் போதும். மற்ற இடங்களில் நூலை மேசைக்குக் கொண்டுவருவது ஒரு பொழுதுபோக்குக்கு இன்னொரு பொழுதுபோக்கைச் சேர்ப்பதாக இருக்கலாம். சித்தூரில் அது, எழுத்தை இழந்த பிள்ளைகளுக்கு மொழி எஞ்சியிருக்கும் இடத்தில் போய் அவர்களைச் சந்திப்பதாகும். இதைக் கணக்கில் கொள்ளாமல் பத்திகளை மொழிபெயர்த்து அடுக்குபவர்கள், தமிழ் படிக்கத் தெரிந்த சென்னை வாசகருக்காக எழுதிவிட்டு அட்டையில் மட்டும் சித்தூரின் கிரீடத்தைப் போடுகிறார்கள்.

இங்கே ஒரு முணுமுணுப்பு எழும்: படிக்கத் தெரியாவிட்டால் எழுத்தைக் கற்பியுங்கள், அதற்கு மாற்று தேடாதீர்கள் என்று. கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் எழுத்து தெரிந்த பிறகே மொழிக்குள் நுழையலாம் என்று வாயிற்காவல் போடுவது திருப்பதியில் நின்று சொல்லத்தக்க வாதம் அன்று. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஓதப்படுகிறது. அதை மனப்பாடமாகச் சொல்லும் எத்தனையோ தெலுங்கு வீடுகளில் இருப்பது தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட தமிழ்ப் பாசுரம். காவிரிக் கரையில் தியாகராசர் கீர்த்தனைகளின் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் படித்துப் பாடியவர்களும் தலைமுறை தலைமுறையாக உண்டு. மொழி ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்குப் போய் உயிரோடு திரும்பியதை இந்த மண் கண்டிருக்கிறது. ஆடுபவர் கையில் இருக்கும் பாத்திரத் தாளைத் தமிழ்ச் சொற்களோடு தெலுங்கு எழுத்தில் அச்சிடுவதால் எந்த மானமும் போய்விடாது.

இனி இரண்டாவது கவனமின்மை. ஒரு பெருநூலைப் பலர் பங்கேற்கும் நிகழ்வாக மாற்றுவது எப்படி என்பதை ஆங்கில விதிநூல்களில் தேடுவோர், புத்தூரிலும் சந்திரகிரியிலும் சித்தூரைச் சுற்றிய ஊர்களிலும் கோடையில் நடக்கும் பாரத உற்சவத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அட்டைப்படத்துக்கான உடையலங்காரமாக மட்டுமே பார்க்கிறார்கள். திரௌபதி, தருமராசர் கோயில்களில் பல நாள், வழக்கமாகப் பதினெட்டு நாள், மகாபாரதம் நடக்கிறது. பகலில் ஒருவர் நூலை வைத்துக்கொண்டு கதை சொல்கிறார். தமிழ் ஊர்களில் அவர் பாரதப் பிரசங்கியார், வில்லிபாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் அவர் கைநூல்கள். தெலுங்கு ஊர்களில் அரிகதை சொல்பவர். இரவில் அதே கதை கூத்தாகவோ வீதி நாடகமாகவோ ஆடப்படுகிறது. சில நாள்களில் கதை கோயிலைவிட்டு வெளியே வந்து ஊர் முழுவதையும் களமாக்கிக்கொள்கிறது.

பகாசுரன் வதத்தன்று சோறும் பண்டமும் ஏற்றிய வண்டியில் வீமன் வேடக்காரர் தெருத்தெருவாக வருகிறார். வழங்கும் வீடுகள் எல்லாம் அக்கணம் ஏகசக்கரபுரம். அருச்சுனன் தபசில் நெடுமரத்தின் மேல் ஏறி நடிகர் பாடுகிறார். அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருக்கிறார்கள். இறுதியில் மண்ணால் பிரமாண்டமாகக் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றி வேடதாரிகள் ஓடுகிறார்கள். வீமன் தொடையில் அடிக்கிறான். திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதன்பின் தீமிதி. இத்தனை நாளும் நூல் ஒருவர் கையில்தான் இருந்தது. மற்றவர் எவரும் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ஆயினும் அந்த நூல் ஊருடையதாகிவிட்டது.

கூத்தில் இன்னொருவர் இருக்கிறார்: கட்டியக்காரன். வேடம் உள்ளே வரும்போது யார் நீ, எந்த நாடு, ஏன் வந்தாய் என்று கேட்பவன் அவன். தூதனாகவும் வாயிற்காவலனாகவும் சேவகனாகவும் கதைக்குத் தேவைப்படும் எல்லாச் சில்லறை ஆள்களாகவும் நொடியில் மாறுபவன் அவன். கூட்டத்தோடு பேசுபவன், அரசனைக் கேலி செய்பவன், கதை எங்கே நிற்கிறது என்று நினைவூட்டுபவன் அவன். மேசை ஆட்ட விதிநூல்கள் நடத்துநருக்கு என்னென்ன கடமைகளைப் பட்டியலிடுகின்றனவோ அவற்றில் பெரும்பாலானவை இவனுக்குத் தொழில். பிரசங்கியார் நூலறிவையும் கட்டியக்காரன் சமயோசிதத்தையும் வைத்திருக்கிறார்கள். நல்ல நடத்துநருக்கு இரண்டும் வேண்டும். பத்தி எண்ணால் இவ்விருவரில் எவருக்கும் பதிலாள் ஆக முடியாது. எண் கேள்வி கேட்காது.

கூத்தின் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டது, துரியோதனன் ஒருநாளும் வெல்ல மாட்டான், ஆகவே இதில் விளையாட்டு எங்கே என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் தம் கையில் இருக்கும் நூலை ஒருமுறை திறந்து பார்க்கலாம். ஃபயர்டாப் மலையில் சரியான சாவிகளைத் திரட்டாமல் போனவருக்குப் பெட்டி திறக்காது. பாதைகள் பல, வெற்றிக்கு வாயில் ஒன்று. 400 பத்திகளின் சுதந்திரம் என்பது ஆசிரியர் முன்கூட்டியே நினைத்துவைத்த வழிகளுக்குள் உலவும் சுதந்திரம். கூத்து முடிவை மறைப்பதில்லை. முடிவுக்குப் போகும் வழியில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதைத் திறந்து வைக்கிறது. மேசை ஆட்டம் இதிலிருந்து ஒரு படி மேலே போகலாம்: பெருநூலின் முடிவை அதன் இடத்தில் விட்டுவிட்டு, நூல் பெயர் சொல்லாமல் கடந்துபோன மனிதர்களை ஆடுபவர்களிடம் கொடுக்கலாம்.

பகாசுரன் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஆதிபருவத்தில் ஏகசக்கரபுரத்தின் ஏற்பாடு இது: ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைகள், அவற்றைக் கொண்டுபோகும் ஓர் ஆள். மூன்றும் அரக்கனுக்கு. வீடு வீடாக முறை வரும். தனியாள் நூல் இதைத் தொட்டால் வாசிப்பவரை வீமனாக்கும், அரக்கனுக்குத் திறன் இவ்வளவு, உடல்வலு இவ்வளவு என்று எழுதும், பகடை உருளும். மேசையில் நால்வரை அந்த ஊரின் நான்கு வீடுகளாக உட்காரவைத்துப் பாருங்கள். இந்த முறை யார் வீடு? முறையை மாற்றிக்கொள்ள ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு என்ன தரும்? அரசனிடம் போய்ப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யார் முதலில் அதைச் சொல்வார்? விருந்தாளியாக வந்து தங்கியிருக்கும் ஓர் அன்னையும் ஐந்து பிள்ளைகளும் இருக்கும் வீடு, அவர்களிடம் வாய்திறக்குமா? இங்கே திறனும் வேண்டாம், நற்பேறும் வேண்டாம். ஒரு பகடைகூட உருளாமல் ஒரு மாலை முழுவதும் ஆட்டம் நடக்கும். பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதில் 7 உடையவராக ஓரம் கட்டப்பட மாட்டார்.

புனிதமான கதையைப் பிள்ளைகள் விளையாட்டாக்குவதா என்று கேட்போரும் உண்டு. அவர்கள் திருப்பதியிலேயே தாத்தய்யகுண்டா கங்கம்மா சாத்திரையைக் காணட்டும். பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒளிந்துகொள்ள, வேடத்தின் மேல் வேடம் மாற்றித் தேடிச் சென்று அவனை அழித்தவள் கங்கம்மா. பைராகி, பண்டா, தோட்டி, தொர, மாதங்கி என்று நாளுக்கொரு வேடமாக அக்கதை ஊருக்குள் நடக்கிறது. ஆண்கள் பெண்ணுடை பூண்டு வேண்டுதல் செலுத்துகிறார்கள். சில வேடங்களில் வசைமொழியும் வழிபாட்டின் பகுதி. அந்த வேடங்களை ஆய்ந்து ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். வேடமேற்பது இழிவு என்ற எண்ணம் இந்த ஊர்களின் எண்ணமாக இருந்ததில்லை.

ஆனால் இதே சான்று மறுபக்கமும் வெட்டும். வேடமேற்பது அங்கே விரதத்தோடும் வேண்டுதலோடும் கட்டுண்டது. தபசு மரத்தின் எலுமிச்சம்பழத்தை உடல்வலு 4 கூட்டும் மந்திரப் பொருளாக விதிநூலில் எழுதுபவர், ஈரப்புடவையோடு நின்ற பெண்ணை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். கடன்வாங்க வேண்டியது செய்முறையை: ஒருவர் நூலை ஏந்துவது, ஒருவர் கேள்வி கேட்பது, ஊர் களமாவது. சடங்கைக் கடன்வாங்க எவருக்கும் உரிமையில்லை. செய்முறைக்கும் விலை உண்டு. திருவிழாக் காலத்தை நம்பி வாழும் கூத்துக் கலைஞர்களிடம் கட்டியக்காரனின் நுட்பத்தைக் கற்று ஒரு விதிநூல் எழுதப்படுமானால், அவர்கள் பெயர் அட்டையில் வர வேண்டும். அவர்களுக்குரிய பங்கு விற்பனையில் வர வேண்டும். ஆங்கில வடிவமைப்பாளரின் உரிமத்துக்குப் பணம் கட்டத் தயங்காதவர்கள் இங்கே மட்டும் நாட்டார் மரபு அனைவருக்கும் பொது என்று கையை விரிப்பது நேர்மை ஆகாது.

தனியாள் நூலுக்கென்று ஒரு வலிமை இருப்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு யாரும் வர வேண்டியதில்லை. துணைக்கு எவரும் இல்லாத பிள்ளைக்கு, நோயில் படுத்திருப்பவருக்கு, கூட்டத்தில் பேசக் கூசுபவருக்கு அது உற்ற தோழன். நல்ல நடத்துநர் எளிதில் கிடைக்க மாட்டார். பத்தி எண் எந்த நள்ளிரவிலும் கிடைக்கும். தமிழில் நல்ல தனியாள் நூல்கள் வருமானால் வரவேற்க வேண்டும். எதிர்க்க வேண்டியது, அந்த நூலின் எலும்புக்கூட்டை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்து இதுவே ஆட்டம் என்று சொல்வதை மட்டுமே.

பாரத உற்சவத்தைப் பொன்னுலகமாகக் காட்டுவதும் பொய். பெண் வேடத்தையும் ஆணே கட்டுவது அதன் மரபு. திரௌபதியின் பெயரால் நடக்கும் விழாவில் திரௌபதியாகப் பெண் ஆடும் இடம் அரிது. எந்தச் சடங்கில் எந்தக் குடிக்கு உரிமை, யார் எவ்வளவு தொலைவில் நிற்பது என்பவற்றைப் பிறப்பு தீர்மானித்த ஊர்கள் பல. மேசை இந்த இரண்டையும் சுமக்கத் தேவையில்லை. ஏகசக்கரபுரத்தின் நான்கு வீடுகளை எந்தத் தெருப் பிள்ளைகளும் ஆடலாம். யாருடைய முறை என்ற கேள்வியைப் பெண்பிள்ளை கேட்கலாம். மரபிலிருந்து செய்முறையைப் பெற்று அதன் விலக்குகளை விட்டுவிடுவதற்குக் கிடைத்திருக்கும் அரிய வாய்ப்பு இது. ஆங்கில எண்களை மொழிபெயர்க்கும் அவசரத்தில் இந்த வாய்ப்பைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஆகவே சித்தூர், திருப்பதிக்கென்று ஓர் ஆட்டம் செய்ய விழைவோர் முதலில் செய்ய வேண்டியவை சில. நடத்துநருக்கான ஒரே நூலை, உரக்கப் படிப்பதற்கென்றே, அந்த ஊர்களின் தெலுங்கு கலந்த பேச்சுத் தமிழை வெட்கமின்றி ஏற்று எழுத வேண்டும். பத்தி எண்களை அகற்றி அவற்றின் இடத்தில் கேள்விகளை வைக்க வேண்டும். நாயகனுக்குரிய எண்களைக் கைவிட்டு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு நெல் இருக்கிறது, யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார், யார் யாரிடம் பேசுவதில்லை என்பன போன்றவற்றைப் பாத்திரத் தாளில் எழுத வேண்டும். தாளை இரு எழுத்துகளிலும் அச்சிட வேண்டும். பகடையை, எவர் பேச்சாலும் தீராத இடத்துக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

ஆதிபருவத்தில் பகாசுரனுக்கு முறை வந்த வீட்டில் தந்தை தானே போவதாகச் சொல்கிறார். தாய் தான் போவதாகச் சொல்கிறாள். மகளும் தான் போவதாக வாதிடுகிறாள். மூவரும் அழுதுகொண்டிருக்கையில் மழலை மாறாத சின்ன மகன் ஒரு புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இதனால் அந்த அரக்கனைக் கொல்வேன் என்கிறான். அத்துயரிலும் அவர்களுக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்த குந்தி அந்த நேரத்தில்தான் உள்ளே வருகிறாள். எந்தத் தனியாள் நூலும் புல்லை எடுக்கும் தேர்வுக்கு ஒரு பத்தி எண் ஒதுக்கியிருக்காது. 400 பத்திகளில் அதற்கு இடம் இராது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கையில், தமிழ் எழுத்து தெரியாத, தமிழ் பேசத் தெரிந்த ஒரு பிள்ளை அதைச் சொல்லும். அப்போது நூலை வைத்திருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே: பக்கத்தைத் தேடாமல், பிறகு என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பது.